உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலியும் கல்நாரும்

● நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு எழுந்த நிலையம் அது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என ஒன்பது எந்திரங்கள், மொத்தம் 600 மெகாவாட். சுமார் 58 ஆண்டுகள் ஓடி 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. தொடக்கத்தில் இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். எண்பதுகளில் கான்ட்ராக்டில் நுழைந்தவருக்கு இப்போது அறுபது வயதைச் சுற்றி இருக்கும். அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்தே இந்த வாரத் தகவல்கள்.

● கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் மனிதன் செய்த ரசாயனம் இல்லை. பாறைக்குள் நூல் நூலாக விளையும் கனிமம். ஆறு வகைகள் உண்டு. வணிகத்தில் அதிகம் புழங்கியவை மூன்று: வெள்ளை, நீலம், பழுப்பு. தீப்பிடிக்காது, ரசாயன அரிப்பை ஓரளவு தாங்கும், மின்சாரம் கடத்தாது, நூற்று நெய்யலாம், விலையும் குறைவு. பொறியாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமே அதைச் சுற்றிக்கொண்டது.

● அனல்மின் நிலையத்தின் பிரதான நீராவிக் குழாயில் 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நீராவி ஓடும். சூடு வெளியே போகாமல் இருக்கக் குழாய்க்கு மேல் கனமாகக் காப்புறை போடுவார்கள். வேலை தெரிந்தவர்களுக்கு இதன் பெயர் லேகிங். 1960, 70களில் உலகெங்கும் கட்டப்பட்ட அனல்மின் நிலையங்களில் இந்த லேகிங்குக்குள் கல்நார் இருந்தது சர்வ சாதாரணம். வால்வின் தண்டைச் சுற்றும் கயிறு, இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட், வெல்டிங் பொறி படாமல் விரிக்கும் துணி, கனரக வண்டிகளின் பிரேக் லைனிங் என்று பல இடங்களில் அது புகுந்திருந்தது.

● ஆபத்து போடும்போது மட்டும் இல்லை, பிரிக்கும்போதும்தான். ஆண்டுக்கொரு முறை யூனிட்டை நிறுத்தி ஓவர்ஹால் செய்வார்கள். குழாயில் கசிவு வந்தால் முதலில் பழைய லேகிங்கைத் தட்டி உடைக்க வேண்டும். பல வருடச் சூட்டில் காய்ந்து பொடியாகிக் கிடக்கும் உறை, சுத்தியல் பட்டதும் மாவாக உதிரும். உடைப்பவர் தலையிலும் தோளிலும் இமையிலும் வெள்ளையாகப் படியும். கீழே நிற்கும் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர், ஷிஃப்ட் முடிவில் துடைப்பத்தால் கூட்டுகிற அம்மா என எல்லோரும் அதே காற்றைத்தான் இழுப்பார்கள். "லேகிங் வேலை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்கிறவரும் பக்கத்தில் நின்றிருக்கிறாரா என்று கேட்டாக வேண்டியது இதனால்தான்.

● நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற கல்நார் இழை 3 மைக்ரானுக்கும் மெல்லியது. அறையில் அது மிதப்பது கண்ணுக்குத் தெரியாது. வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, தும்மல்கூட வராது. மூக்கில் கட்டும் கைக்குட்டைக்கும் துண்டுக்கும் அது கட்டுப்படாது.

● உள்ளே போன இழையை உடம்பால் கரைக்க முடியாது. அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் வெள்ளணுக்கள் இந்த நீளமான நூலை முழுதாக விழுங்க முடியாமல் திணறி, அழற்சியைக் கிளப்பும் பொருள்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகலாம். அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். நுரையீரலை மூடியிருக்கும் புளூரா என்ற மெல்லிய சவ்விலோ வயிற்றின் உள்சவ்விலோ புற்று எழலாம். அதுதான் மீசோதீலியோமா. மூன்றும் வெவ்வேறு நோய்கள். குரல்வளை, சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் கல்நார் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது.

● மீசோதீலியோமா உடனே வராது. கல்நாரைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் நடுவே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும்.

இந்த இடைவெளியை நெய்வேலிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1978இல் பாய்லர் பகுதியில் வேலை பார்த்தவருக்கு 2015இல் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டார், வடலூரிலோ பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே இருக்கும் டாக்டருக்கு அவர் ஒரு வயதான தாத்தா, அவ்வளவுதான். அந்தத் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு முன் எதற்குப் பக்கத்தில் நின்றார் என்பது சீட்டில் வராது. யாரும் கேட்பதில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். சொல்லப்பட வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் போகிறது.

● அந்த வாக்கியம் இவ்வளவுதான்: "டாக்டர், நான் அனல்மின் நிலையத்தில் இத்தனை வருஷம் பாய்லர், டர்பைன் பக்கம் வேலை பார்த்தேன். லேகிங் உடைத்திருக்கிறேன், அல்லது உடைக்கிற இடத்தில் நின்றிருக்கிறேன்." மூச்சுத் திணறல், ஒரு பக்க நெஞ்சுவலி, காரணம் தெரியாத எடைக்குறைவு, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் என்று எதற்காகப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். அப்பா சொல்ல மறந்தால் உடன் போகும் பிள்ளைகள் சொல்லுங்கள்.

● நுரையீரலைச் சுற்றி நீர் என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது நியாயமும்கூட, இங்கே காசநோய் அவ்வளவு அதிகம். ஆனால் காசநோய் மாத்திரை தொடங்கியும் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தால் கேள்வி கேட்க வேண்டும். உறிஞ்சி எடுத்த நீரை மட்டும் பரிசோதித்து மீசோதீலியோமாவை உறுதி செய்வது கடினம். விலாவில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, சவ்விலிருந்து சதை எடுத்து ஆராய வேண்டும். தோராக்கோஸ்கோப்பி என்பார்கள். எடுத்த சதைக்கு இம்யூனோ சாயப் பரிசோதனையும் தேவை. இல்லாவிட்டால் வேறு வகைப் புற்று என்று தவறாகப் பெயர் எழுதப்பட வாய்ப்புண்டு. நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மரும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் போகக்கூடிய தூரந்தான்.

● மருத்துவப் பதிவில் மீசோதீலியோமாவுக்கென்று தனிக் குறியீடு உண்டு: சி45. இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இந்தக் குறியீட்டின்கீழ் வரும் எண்ணிக்கை மிகக் குறைவு. பிரிட்டனிலோ ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டோர் இந்த நோயால் இறக்கிறார்கள். அவர்கள் நீலத்தையும் பழுப்பையும் 1985இலும், வெள்ளையை 1999இலும் தடை செய்துவிட்டார்கள். தடை செய்து கால் நூற்றாண்டு ஆகியும் மரணம் தொடர்கிறது. அத்தனை கல்நாரைப் பயன்படுத்திய நம் நாட்டில் நோயே இல்லை என்று இந்தக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது.

● 1960இல் தென்னாப்பிரிக்க நோயியல் மருத்துவர் வாக்னரும் உடன் இருவரும் 33 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடோ, கல்நார் வேலையோடோ தொடர்புள்ளவர்கள். சிலர் சுரங்கத்தில் வேலையே பார்த்ததில்லை. குழந்தையாக அந்த ஊரில் வளர்ந்தவர்கள். மீசோதீலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள உறவு மருத்துவ உலகுக்கு உறுதியானது அந்தக் கட்டுரையால். நெய்வேலியில் முதல் எந்திரம் சுழன்றது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

● வேலைக்கே போகாத மனைவிக்கும் வரலாம். லண்டன் நோயாளிகளை ஆராய்ந்து நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் ஒருவர் கல்நார் வேலை பார்த்தார் என்பதைத் தவிர வேறு தொடர்பே இல்லாதவர்களும் இருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த சட்டையை உதறித் துவைக்கிறவர் யார்? வாசலில் அப்பாவைக் கட்டிக்கொள்கிற குழந்தை எந்தச் சட்டையில் முகம் புதைக்கிறது? வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி, அழுக்குத் துணியை அங்கேயே துவைக்க ஏற்பாடு செய்வது தொழிலாளிக்குக் காட்டும் சலுகை ஆகாது. அவர் குடும்பத்துக்கு நிர்வாகம் செய்ய வேண்டிய கடமை.

● பீடி, சிகரெட்டுக்கும் மீசோதீலியோமாவுக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்நாரோடு புகை சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பயங்கரமாக ஏறும். அமெரிக்க லேகிங் தொழிலாளர்களை வைத்து ஹாமண்ட், செலிகாஃப் குழு 1979இல் போட்ட கணக்கு: இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் கல்நார் மட்டும் பட்டவருக்கு 5 மடங்கு, புகை மட்டும் பிடிப்பவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். பாய்லர் பக்கம் வேலை பார்த்த அண்ணன்மார் யாராவது இன்னும் புகைத்தால் இன்றே விடுங்கள். பட்ட கல்நாரைத் திரும்ப எடுக்க முடியாது. புகையை நிறுத்த முடியும்.

● பயப்படுகிறவர்களுக்கு: கல்நார் பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோருக்கு வருவதில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு தூசி, எந்த வகை என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும், குறையும். நெய்வேலியில் பறக்கிற லிக்னைட் தூசியும் சாம்பலும் கல்நார் அல்ல. அவற்றால் வரும் தொல்லைகள் வேறு. இப்போது போடப்படும் லேகிங் பெரும்பாலும் ராக் வூல், கிளாஸ் வூல், செராமிக் ஃபைபர். வெள்ளையாக இருப்பதெல்லாம் கல்நார் இல்லை. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி உறுதி செய்யும்வரை கல்நார் என்றே நடத்துவதுதான் சரியான முறை.

● "வெள்ளைக் கல்நார் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு தொழில்துறையில் நெடுங்காலமாக உண்டு. எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வேலையிடத்தில் பட்ட கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்றும் அது கணக்கிடுகிறது.

● மீசோதீலியோமாவுக்குச் சிகிச்சை எந்த அளவில் இருக்கிறது? பெமட்ரெக்ஸட், சிஸ்பிளாட்டின் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கீமோ 2004இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 9 மாதம் கடந்தார்கள், இரண்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 மாதம் கடந்தார்கள். கூடவே ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12 ஊசியும் தருவார்கள். பக்கவிளைவு குறையும் என்பதால் அவற்றைத் தவறவிடக் கூடாது. 2020இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இந்த நோய்க்கும் அனுமதி பெற்றன. அதற்கான ஆய்வில், பாதிப் பேர் கடந்த காலம் கீமோவில் 14 மாதம், இவற்றில் 18 மாதம். கடினமான உயிரணு வகைகளில் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெமட்ரெக்ஸட் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகவே கிடைக்கிறது. நோயெதிர்ப்பு மருந்துக்கோ லட்சக்கணக்கில் செலவாகும்.

பெரிய அறுவைதான் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. சவ்வை உரித்தெடுக்கும் அறுவையைக் கீமோவோடு சேர்த்துச் செய்து பார்த்த மார்ஸ் 2 என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2024இல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே வாழ்ந்தார்கள், சிக்கல்களும் கூடின. யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். நீர் மறுபடி சேராமல் சவ்வுகளை ஒட்டவைக்கும் முறையும், வீட்டிலேயே நீரை வடிக்க வைக்கும் மெல்லிய குழாயும், நல்ல வலிநிவாரணமும் நோயாளிக்குத் தருகிற நிம்மதி பெரிது. அதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம்.

● டெக்சாஸில் 1936 முதல் 1969 வரை லேகிங் வேலை பார்த்தவர் கிளாரன்ஸ் போரெல். கல்நார்ப் பொருள் தயாரித்த நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். ஆபத்து தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்பது வாதம். விசாரணைக்கு முன்பே இறந்தார். 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தொழிலாளியின் வழக்கு திறந்த வழியில் ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தன. பெரும் நிறுவனமான ஜான்ஸ் மான்வில் 1982இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

● இந்தியாவின் போரெல் வழக்கு எது என்று கேட்டால், 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்லலாம். அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. கல்நார்த் தொழிலில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காப்பீடும் கட்டாயம் என்றது. நோய் உறுதியான தொழிலாளிக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

கணக்குப் போட்டால் இப்படி வரும். 25 வயதில் 1995இல் சேர்ந்தவர் 60 வயதில் 2030இல் ஓய்வு பெறுவார். அவர் பதிவு 2045 வரை இருக்க வேண்டும். நோயின் நீண்ட இடைவெளியை நீதிபதிகள் உணர்ந்து எழுதிய உத்தரவு இது. கல்நாரைப் பயன்படுத்திய ஒவ்வொரு தொழிலிலும் இந்த அளவுகோலைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

● 2011இல் கல்நாரை முழுதாகத் தடை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014 ஜனவரி 31இல் வந்த இன்னொரு தீர்ப்பு நம் கதைக்கு நெருக்கமானது. நிலக்கரி அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஒரு தொழிலாளர் நல அமைப்பு தொடுத்த வழக்கு அது. அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்களே இதை எடுத்துக் கவனிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுப்பிவைத்தது.

● தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இன் மூன்றாம் அட்டவணையில், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய்களாகப் பெயர் சொல்லி இடம்பெற்றிருந்தன. அந்த அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருந்ததால், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் அந்த வகை வேலை பார்த்திருந்தால் நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொண்டது. மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தவருக்கு, அந்தக் கான்ட்ராக்டரை அமர்த்திய முதன்மை நிறுவனமும் பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொன்னது.

இதே சட்டத்தில்தான் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. வேலையை விட்ட பிறகு நோய்க்குறி தெரிந்தால், அது 2 ஆண்டுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்று 10ஆம் பிரிவு பேசியது. நோய் வர 30 ஆண்டு, சட்டம் காத்திருந்தது 2 ஆண்டு! மீசோதீலியோமாவைப் பட்டியலில் சேர்த்த அதே கைகள் அதன் காலக்கணக்கைப் பார்க்கவில்லை. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் இருந்தது என்பது ஒரு சிறு ஆறுதல். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எனவே நோய் எப்போது தெரியவந்தது, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

● வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டத் தலைநகரான கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

● 2020 மே 7இலும் ஜூலை 1இலும் நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் மாண்டார்கள். ஊரே அழுதது, நாடே பார்த்தது, விசாரணைக் குழு வந்தது. கல்நார் நோயில் இறக்கிறவருக்கு இவை எதுவும் நடக்காது. இறப்புச் சான்றிதழில் "மூச்சுத்திணறல்" என்றிருக்கும்.

● இலங்கையில் நடந்தது இது. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் அடியோடு நிறுத்தப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது. இலங்கைக்குப் பெருமளவு கல்நார் அனுப்பும் நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களிலேயே கொழும்பு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழரின் உழைப்பு பேரத்தின் ஒரு தட்டில் இருந்தது. அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கல்நார்க் கூரை இன்னொரு தட்டில்.

● உலகில் கல்நாரை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வருகிறது. 1986 முதல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகை தருவதில்லை என்று முடிவெடுத்த நாடும் இதுவே. தோண்டுவதற்கு ஆபத்தான பொருள், இறக்கிக் கலந்து கூரையாக்க மட்டும் எப்படிச் சரியாகும்?

● நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாம் தினமும் பார்ப்பது அந்தக் கூரைதான். மாட்டுக்கொட்டகை, டீக்கடை, முந்திரிக் கிடங்கு, வாடகை வீடு. ஷீட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடு கல்நார், மீதி பெரும்பாலும் சிமென்ட். உடையாமல், உதிராமல் இருக்கும் ஷீட்டின்கீழ் வாழ்வதால் ஆபத்து குறைவுதான். அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், பாசியைச் சுரண்டினால் இழை வெளியே வரும். கிரைண்டர் வைத்து ஷீட் அறுக்கும் பையனைச் சுற்றி ஒரு வெள்ளை மேகம் எழும்புமே, அதைப் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டு, கைரம்பத்தால் மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு பி100 வகை மாஸ்க் வேண்டும்.

● 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அடுத்த புயலுக்கு நினைவில் வைக்க வேண்டியது: உடைந்த ஷீட்டைக் காலால் மிதித்து நொறுக்காதீர்கள், வண்டிப்பாதைக் குழியில் போட்டு மேவாதீர்கள், காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். நனைத்து, முழுத் துண்டுகளாக எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். கல்நார்க் கழிவு அபாயக் கழிவாகவே நடத்தப்பட வேண்டியது. அதற்கான நிலப்புதைப்பு மையம் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

● ஓய்வு பெற்ற பழைய அனல்மின் நிலையம் எதையும் பிரித்து எடுப்பதற்கு முன், எந்தக் குழாயில், எந்தச் சுவரில், எந்தக் கேஸ்கெட்டில் கல்நார் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துப் பட்டியல் போட்டு, அதை முதலில் தனியாக அகற்றிவிட்டுத்தான் இரும்பில் கை வைப்பது கல்நாரைத் தடை செய்த நாடுகளின் நடைமுறை. பழைய இரும்பு ஏலம் எடுத்தவரின் ஆட்கள் கேஸ் கட்டரோடு நேராக நுழைவதைவிட மோசமான வழி வேறு கிடையாது. 1960களில் போட்ட உறையை இன்று பிரிக்கும் இருபது வயதுப் பையனுக்கு நோய் வந்தால் அது 2060ஐ ஒட்டி வரும்.

● நெய்வேலி அனல்மின் நிலையங்களை நடத்தும் என்எல்சி மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். எந்த ஆண்டு வரை எந்த யூனிட்டில் கல்நார்க் காப்புறை வாங்கப்பட்டது, பிரிக்கும் முன் கல்நார் ஆய்வு நடந்ததா, தொழிலாளர் மார்பு எக்ஸ்ரே பதிவுகள் எத்தனை ஆண்டு வைக்கப்படுகின்றன என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் போடலாம். ஓய்வு பெற்றோர் சங்கங்கள் இதை எடுத்துக்கொண்டால் ஒருவர் கேட்பதைவிட வலுவாக இருக்கும்.

● இன்று மாலையே செய்யக்கூடிய ஒரு வேலை. ஒரு நோட்டை எடுத்து அப்பாவையோ மாமாவையோ உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். எந்த வருடம் சேர்ந்தார், எந்த நிலையம், எந்த யூனிட், என்ன வேலை, எந்தக் கான்ட்ராக்டரிடம், எத்தனை ஓவர்ஹால், கூட வேலை பார்த்தவர்கள் யார் யார், அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் எவர். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே எதுவானாலும் போட்டோ எடுத்து அதோடு வையுங்கள். கான்ட்ராக்டர் கடையை மூடியிருக்கலாம், கூட இருந்தவர் ஊரை விட்டுப் போயிருக்கலாம். டாக்டருக்கும் நீதிமன்றத்துக்கும் அப்போது காட்ட இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, தேதியும் போடச் சொல்லுங்கள்.